இலவசக் கல்விக்கு உழைத்த கன்னங்கரா

சைவ இளைஞரின் ஆண்டு மலரிலே தென்னிலங்கைச் சிங்களப் பெரியார் ஒருவரின் சரிதம் ஏன் வந்தது என்று எங்கள் பெரியோரிற் சிலர் வினவக்கூடும். உருத்திரபுரத்து வயற்காரரின் பிள்ளைகளாகிய எம்மிற் பெரும்பாலோர் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை படிப்புக்கென்று கட்டணம் கொடுத்தறியோம். அந்தக் கதவைத் திறந்தவர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. காரணம் அவ்வளவே.

அவர் 1884ஆம் ஆண்டு ஒக்டோபர் 13ஆந் தேதி அம்பலாங்கொடைக்கு அருகிலுள்ள ரந்தொம்பை என்னும் ஊரிற் பிறந்தார். குடும்பம் செல்வக் குடும்பம் அன்று. அம்பலாங்கொடை வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் படித்து வந்த காலத்தில் ஒரு பரிசளிப்பு விழா நடந்தது. காலி ரிச்மண்ட் கல்லூரி அதிபர் டாரெல் பாதிரியார் விருந்தினராக வந்திருந்தார். ஒரே பையன் திரும்பத் திரும்ப மேடைக்கு வந்து பரிசு வாங்குவதைக் கண்ட பாதிரியார், இவற்றை வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு மாட்டு வண்டி வேண்டியிருக்குமே என்று வேடிக்கையாகச் சொன்னாராம். அந்தப் பையனே கன்னங்கரா. பின்னர் அவர் புலமைப்பரிசிற் பரீட்சையிலே தேறி ரிச்மண்ட் கல்லூரிக்குச் சென்றார். அங்கிருந்து எழுதிய கேம்பிரிட்ஜ் பரீட்சையிற் கணிதப் பாடத்திலே பிரித்தானியப் பேரரசு முழுவதற்கும் முதல்வராக வந்தார்.

பாதிரியாரின் கண்ணில் ஒரு பிள்ளை பட்டது, அப்பிள்ளை உயர்ந்தது. அதே வாங்கில் அவருக்குப் பக்கத்திலே இருந்த பிள்ளைகள் என்ன ஆயினர் என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை. கன்னங்கரா பிற்காலத்திற் செய்தவற்றை எல்லாம் நோக்கும்போது, அந்தப் பக்கத்து வாங்குப் பிள்ளைகளை அவர் மறக்கவில்லை என்றே எமக்குத் தோன்றுகிறது.

சில காலம் ஆசிரியத் தொழில் பார்த்துக்கொண்டே சட்டம் படித்து 1910இல் வழக்கறிஞரானார். அடுத்த ஆண்டு படித்த இலங்கையரின் சட்டநிரூபண சபை ஆசனத்துக்குச் சேர். பொன். இராமநாதன் போட்டியிட்டபோது அவருக்காக உழைத்தவர்களுள் இந்த இளம் வழக்கறிஞரும் ஒருவர். இதனை எங்கள் பெரியோர் மனங்கொள்ள வேண்டும். 1923இற் கன்னங்கரா தாமும் அச்சபை அங்கத்தவரானார். 1931இல் அரசாங்க சபை கூடியபோது நாட்டின் முதலாவது கல்வி மந்திரியாகி, 1947 வரை அப்பதவியில் இருந்தார்.

அக்காலத்துப் பள்ளிக்கூடங்கள் இருவகைப்பட்டன. தமிழிலும் சிங்களத்திலும் கற்பித்த பாடசாலைகளிற் கட்டணம் இல்லை. அங்கே படித்தவனுக்குப் பெரிய உத்தியோகமும் இல்லை. உத்தியோகம் தரும் ஆங்கிலப் பாடசாலையிலோ கட்டணம் உண்டு. ஆகவே தகப்பனிடம் பணம் இல்லையென்றால், பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரனாயினும் அவன் வழி அங்கேயே அடைபட்டது. கன்னங்கரா தலைமையில் அமைந்த விசேட கல்விக் குழு 1943இல் தன் அறிக்கையை வெளியிட்டது. மறு ஆண்டு அரசாங்க சபையில் நெடிய விவாதம் நடந்தது. 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் 1ஆந் தேதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1942இலே தொடங்கப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகமும் அதனுள் அடங்கியது.

எதிர்ப்புக்குக் குறைவில்லை. கட்டணத்தையும் தமது சுதந்திரத்தையும் இழக்க நேருமே என்று சமயப் பாடசாலை முகாமையாளர் பலர் அஞ்சினர். வசதி படைத்தோரும் முகம் சுளித்தனர். மிஷன் பாடசாலையிற் படித்த நாம் இதனை மறைத்து எழுத விரும்பவில்லை. கன்னங்கராவை ஏணியில் ஏற்றியதும் மிஷன் பாடசாலையே. அந்த ஏணியை எல்லோருக்கும் பொதுவாக்க அவர் முயன்றபோது தயங்கி நின்றவர்களுள் மிஷன் முகாமையாளர்களும் இருந்தார்கள்.

கட்டணத்தை நீக்கியதை மட்டும் புகழ்ந்து நின்றுவிடுவது போதாது. கட்டணம் வேறு, சோறு வேறு என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். நகரத்துக் கல்லூரிகளுக்கு நிகரான மத்திய கல்லூரிகளைக் கிராமப்புறங்களிலே நிறுவினார். அவர் பதவி நீங்குமுன் அவை 54 ஆயின. ஐந்தாம் வகுப்பிற் பரீட்சை வைத்து, தேறிய ஏழைப் பிள்ளைகளை அக்கல்லூரி விடுதிகளிற் சேர்த்து, உணவும் உறையுளும் அளித்தார். இன்று எங்கள் தம்பி தங்கையர் பயந்து பயந்து எழுதும் ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை அங்கே தோன்றியதுதான். மட்டக்களப்பைச் சேர்ந்த வந்தாறுமூலை மத்திய கல்லூரியும் அவ்வரிசையில் எழுந்ததே. 1981இல் அக்கல்லூரி வளவிலேயே பல்கலைக்கழகக் கல்லூரி ஒன்று தொடங்கி, 1986இலே கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று.

இத்தனையும் செய்தவரை 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மத்துகமைத் தொகுதி மக்கள் தோற்கடித்தார்கள்! முதன்முதலாக மத்திய கல்லூரி கொடுத்த ஊரும் அதுவே. வெற்றி பெற்ற வில்மட் பெரேராவும் ஸ்ரீ பாலி என்னும் கல்விச்சாலையை நிறுவியவர் என்பதால், அவ்வூரார் கல்வியை வெறுத்தனர் என்று சொல்வதற்கில்லை. 1952இற் கன்னங்கரா மீண்டும் பாராளுமன்றம் சென்று 1956 வரை உள்ளூராட்சி மந்திரியாக இருந்தார். கல்வி மந்திரிப் பதவி அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

சோற்றுக் கேள்வி பல்கலைக்கழக வாயிலில் இன்னும் நிற்கிறது. அறிவியல் நகரிலோ வவுனியாவிலோ பேராதனையிலோ படிப்பவனுக்கு வகுப்பு இலவசம்; அறை வாடகையும் சாப்பாடும் பஸ் காசும் இலவசம் அல்ல. இதற்கென 1981இலே சட்டமூலம் மகாபொல நிதியம் அமைந்தது. லொத்தர்ச் சீட்டு வருவாயிலும் ஒரு பகுதி அதற்குச் சேர்கிறது. அது கிட்டாதவர்க்குக் குடும்ப வருமானம் பார்த்து உதவுபணம் உண்டு. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக உயர்த்தப்பட்டது. அதுவும் ஒரு மாதச் சாப்பாட்டுக்குப் போதுமா என்பதை வெளியூரில் அறையெடுத்துப் படிப்போர் அறிவர்.

வருமானத்தைக் கிராம அலுவலர் உறுதிப்படுத்த வேண்டும். வயற்காரன் வருமானம் எதுவென்று எழுதுவது? காலபோக நெல் விற்ற கிழமையிற் பார்த்தால் அவன் பணக்காரன். பசளைக் கடனும் உழவுயந்திரக் கூலியும் வெட்டுக் கூலியும் கொடுத்த மறு கிழமையிற் கையில் ஒன்றும் இராது. எம்மில் ஒருவர் நிரப்பிய படிவத்தில் நெல்லுக்குக் கட்டம் இருந்தது, கடனுக்குக் கட்டம் இருக்கவில்லை. வாய்க்காற் கடைசியில் வயலுள்ளவர்களின் பிள்ளைகளுக்கு இது சின்னக் குறை அன்று.

கன்னங்கராவும் தமக்கென்று பொருள் சேர்க்கவில்லை. முதுமையில் நோயும் முடையும் வந்தபோது அரசாங்கமே அவருக்கு உதவ வேண்டியதாயிற்று; 1963இல் ஒருமுறை பத்தாயிரம் ரூபா கொடுத்தார்கள், பின்னர் மாதப்படி கொடுத்தார்கள். அந்த உதவியிலே இறுதி ஆண்டுகளைக் கழித்து, 1969ஆம் ஆண்டு செப்டெம்பர் 23ஆந் தேதி தமது 84ஆவது வயதிலே காலமானார்.