கடலை நீந்திக் கடந்தவர்!

குட்டீஸ்! தூத்துக்குடி திரேஸ்புரம் கடற்கரையைப் பார்த்திருக்கிறீர்களா? நாட்டுப்படகுகள் வரிசையாக நிற்கும். மீன் பிடிக்கவும் சங்கு குளிக்கவும் ஆட்கள் கிளம்பிக்கொண்டே இருப்பார்கள். கரையிலிருந்து சற்றுத் தொலைவில் வான் தீவு, காசுவாரி தீவு, காரைச்சல்லி தீவு என்று குட்டிக் குட்டித் தீவுகள் உண்டு. அங்கே தொடங்கும் தீவு வரிசை பாம்பன் பக்கம் வரை நீள்கிறது. மொத்தம் 21 தீவுகள். அவற்றில் இரண்டு கடலில் மூழ்கிவிட்டன.

இப்படிப்பட்ட தீவுகளைச் சுற்றிக் கயாக் என்ற ஒல்லியான படகில் மாரத்தான் போட்டி நடத்துவது பல நாடுகளில் வழக்கம். எஞ்சினும் கிடையாது, பாயும் கிடையாது. ஒரே ஒரு துடுப்பும் இரண்டு கைகளும்தான்!

சரி, அந்தப் படகும் துடுப்பும்கூட இல்லாமல், வெறும் கைகளாலேயே கடலைக் கடக்க முடியுமா? முடியும் என்று காட்டினார் ஒருவர். அதுவும் இந்தத் தீவு வரிசைக்கு அப்பால், ராமேஸ்வரம் தீவின் முனையில் இருக்கும் தனுஷ்கோடிக் கடலில்! அவர்தான் மிஹிர் சென்.

மிஹிர் சென் 1930ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி, இன்றைய மேற்கு வங்கத்தில் உள்ள புருலியாவில் பிறந்தார். பிள்ளைகள் நன்றாகப் படிக்க வேண்டும் என்பதற்காகக் குடும்பம் ஒரிசாவின் கட்டாக் நகருக்குக் குடிபெயர்ந்தது. வருமானம் போதவில்லை. அம்மா லீலாவதி பாலும் முட்டையும் விற்று வீட்டைக் காப்பாற்றினார். மிஹிர் சட்டம் படித்தார். மேலே படிக்கப் பணம் இல்லாதபோது, பின்னாளில் ஒரிசா முதல்வரான பிஜு பட்நாயக் உதவினார். 1950ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார் மிஹிர். அங்கே ரயில் நிலையத்தில் இரவு நேரத்தில் மூட்டை சுமந்துகொண்டே வழக்கறிஞர் படிப்பை முடித்தார்.

இதுவரை நீச்சலைப் பற்றி ஒரு வார்த்தைகூட வரவில்லையே என்று யோசிக்கிறீர்களா? அதுதான் வேடிக்கை! அப்போது அவருக்குச் சரியாக நீந்தவே தெரியாது.

1950ல் அமெரிக்காவைச் சேர்ந்த ஃபுளோரன்ஸ் சாட்விக் என்ற பெண், இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவில் உள்ள ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தார். அதைப் பற்றிப் படித்த மிஹிருக்கு, நாமும் கடக்க வேண்டும் என்று ஆசை வந்தது. ஒய்.எம்.சி.ஏ. நீச்சல் குளத்துக்குப் போய் நீச்சல் கற்றார். 1955ல் முதல் முயற்சி. கடல் கொந்தளித்தது, தோல்வி. அதன் பிறகும் தோல்விகள். அவர் விடவில்லை. 1958 செப்டம்பர் 27 அன்று 14 மணி 45 நிமிடம் நீந்தி அந்தக் கால்வாயைக் கடந்தார். அதைக் கடந்த முதல் இந்தியர் அவர்தான். மறு ஆண்டே பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அடுத்து அவர் கண் நம்ம ஊர்க் கடல் மேல் விழுந்தது. இலங்கையின் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி வரை நீந்த வேண்டும். இதற்கு நிறையப் பணம் தேவைப்பட்டது. கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையும் பிரதமர் இந்திரா காந்தியும் உதவ முன்வந்தார்கள். கடற்படையின் சுகன்யா, சாரதா என்ற இரண்டு கப்பல்கள் துணைக்கு வந்தன. இந்தக் கடலில் சுறாவும் உண்டு, கடல் பாம்பும் உண்டே!

1966 ஏப்ரல் 5ஆம் தேதி மிஹிர் சென் தண்ணீரில் இறங்கினார். ஒரு விஷயம் கவனியுங்கள். ஆங்கிலக் கால்வாயின் மிகக் குறுகிய இடம் சுமார் 34 கிலோமீட்டர். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நேர்க்கோட்டில் சுமார் 30 கிலோமீட்டர்தான். அப்படியென்றால் இது சீக்கிரம் முடிந்திருக்க வேண்டும், இல்லையா? ஆனால் அவருக்கு 25 மணி 36 நிமிடம் ஆனது!

காரணம் நீரோட்டம். நம்ம ஊர் மீனவர்கள் இதை நீவாடு என்பார்கள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே மணல் திட்டுகள் உள்ளன. அவற்றின் இடைவெளிகள் வழியாக ஒரு பக்கக் கடல்நீர் மறுபக்கம் பாயும். நீந்துபவர் நேராகக் கையை வீசினாலும் நீரோட்டம் அவரைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகும். பகல் முடிந்து இரவும் வந்தது. அவர் கைகள் நிற்கவில்லை. துணைக்கு வரும் படகைத் தொட்டு ஓய்வெடுக்கவும் இந்த நீச்சலில் கூடாது. மறுநாள், ஏப்ரல் 6ஆம் தேதி, அவர் தனுஷ்கோடியை அடைந்தார். 1964 டிசம்பர் புயலில் அழிந்துபோன ஊர் அது. இடிந்த அந்த ஊர்க் கரையில்தான் ஒரு பெரிய சாதனை முடிந்தது.

அவருக்கு முன்பே, 1954ல், இலங்கையைச் சேர்ந்த நவரத்தினசாமி என்ற தமிழர் பாக் நீரிணையை வேறு வழியில் நீந்திக் கடந்திருந்தார். அவரையும் நாம் மறக்கக் கூடாது.

மிஹிர் சென் அத்தோடு நிற்கவில்லை. அதே 1966ல் ஜிப்ரால்டர் நீரிணையை 8 மணி 1 நிமிடத்திலும், துருக்கியின் டார்டனெல்ஸை 13 மணி 55 நிமிடத்திலும் கடந்தார். பிறகு பாஸ்பரஸ். கடைசியில் பனாமா கால்வாயை முழு நீளமும் நீந்தினார். அதற்கு ஆன நேரம் 34 மணி 15 நிமிடம்! 1967ல் பத்மபூஷண் விருது அவரைத் தேடி வந்தது.

ஆனால் கடைசிக் காலம் அவருக்குக் கடினமாக இருந்தது. நன்றாக நடந்த பட்டு வியாபாரம் நொடித்தது. நோய் அவருடைய நினைவாற்றலையே பறித்துக்கொண்டது. அவரைக் கொண்டாடிய பலரும் அவரை மறந்துபோனார்கள். 1997 ஜூன் 11ஆம் தேதி கல்கத்தாவில் காலமானார்.

குட்டீஸ், நீச்சல் தெரியாத ஒருவர் இருபது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டு, தோற்றுத் தோற்று, இத்தனை கடல்களைக் கடந்தார். இதற்குப் பிறகும், இனிமேல் கற்று என்ன ஆகப் போகிறது என்று நீங்கள் சொல்லலாமா? நீச்சல் கற்க ஆசையா? தெரிந்த பெரியவர் துணையோடு முதலில் குளத்தில் கற்றுக்கொள்ளுங்கள். கடலில் மட்டும் தனியாக ஒருநாளும் இறங்காதீர்கள். மிஹிர் சென்னே இரண்டு கப்பல்களைத் துணைக்கு வைத்துக்கொண்டுதான் இறங்கினார்!