தளகர்த்தர் லாரன்ஸ்

தேவனாம்பட்டணத்துக் கோட்டையென்றவுடன் மாணவர் பலர்க்குக் கிளைவின் பெயரே நினைவிற்கு வரும். என் உள்ளத்தில் ஆதர்ச வீரராக நிற்பவர் அவரல்லர். அவருக்குப் போர்த்தொழில் பயிற்றிய முதியவராகிய ஸ்டிரிங்கர் லாரன்ஸ் என்பவரே. அந்நியராயிற்றே, நம் நாட்டைக் கைக்கொண்ட கும்பினியாரின் ஊழியராயிற்றே என்று நண்பர் சிலர் முகஞ்சுளிப்பர். அவ்வாட்சேபம் பொருளற்றதன்று, அதனை உரிய இடத்திற் பேசுவேன்.

ஜிப்ரால்டரிலும், பிளாண்டர்சிலும், கல்லோடன் களத்திலும் போர்புரிந்து நரைத்த லாரன்ஸ், 1748 ஜனவரியில் கடலூர்க் கரையில் இறங்கியபோது ஏறக்குறைய 50 வயதினர். பிறர் ஓய்வை நாடும் பருவமது. 1746-இல் சென்னைப்பட்டணம் பிரெஞ்சுக்காரர் வசமாகிவிட்டமையால், இக்கரையில் கும்பினியாருக்குத் தலைமையிடம் தேவனாம்பட்டணமே. அங்கு அவர் கண்டது படையன்று, தனித்தனிக் கூட்டங்களே. அவற்றை ஒரு பட்டாளமாக இணைத்து, நாள்தோறும் பயிற்சி கொடுத்து, கண்டிப்பை நிலைநாட்டினார்.

அப்பயிற்சிக்குச் சோதனை விரைவில் வந்தது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் 800 ஐரோப்பியரும் 1,000 சிப்பாய்களும் கொண்ட பிரெஞ்சுச் சேனை, இரவிற் கடலூரைப் பிடிக்க வந்தது. லாரன்ஸ் அன்று பகலிலேயே, எல்லாரும் காணும்படி நகரின் பீரங்கிகளையும் காவற்படையையும் கோட்டைக்குள் அகற்றினார். இருள் கவிந்ததும் அனைத்தையும் ஓசையின்றித் திருப்பியனுப்பினார். வெறுமையான ஊரென்று நம்பி ஏணி சாத்திய பகைவரைக் குண்டுமாரி எதிர்கொண்டது. அவர்கள் புதுச்சேரி வரையில் நில்லாது ஓடினர். ஆயினும் இரண்டே மாதத்தில், அரியாங்குப்பத்தில் தம் வீரர் வெருண்டோடியபோது ஓட மறுத்துத் தனித்து நின்று சிறைப்பட்டவரும் இவரே. வெற்றியினும் இச்சிறையே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

ஐரோப்பாவில் உண்டான சமாதானத்தால் விடுதலை பெற்றபின், 1749-இல் சிதம்பரத்துக்குத் தெற்கே, கொள்ளிடத்தின் கழிமுகத்திலிருந்த தேவிக்கோட்டையை முற்றுகையிட்டார். (செட்டிநாட்டுத் தேவகோட்டை வேறு.) மூர் என்னும் தச்சர் 400 பேரைத் தாங்கும் தெப்பம் சமைத்து, இரவில் நீந்திச் சென்று எதிர்க்கரை மரத்தின் வேரிற் கயிற்றைப் பிணித்தார், அதனைப் பற்றியே படை ஆற்றைக் கடந்தது. முதலிற் பாய்ந்த கிளைவின் சிறு குழுவில் 26 பேரைத் தஞ்சைக் குதிரைவீரர் நொடியில் வெட்டி வீழ்த்தினர். பின்னர் லாரன்ஸ் முழுப் படையுடன் முன்னேறிக் கோட்டையைக் கைக்கொண்டார். வீரம் மெய்யே, நியாயம் எங்கே? சாகுஜிக்குத் தஞ்சை அரசை மீட்டுத் தருவதாகத் தொடங்கிய போர் இது. முடிவிற் கும்பினியார் அவரைக் கைவிட்டு, பிரதாபசிங்க மன்னரிடமே கோட்டையைப் பெற்று உடன்படிக்கை செய்துகொண்டனர்.

லாரன்சின் தனிச்சிறப்பு பிறரை உயர்த்திய பெருந்தன்மையே. சீமை சென்று 1752-இல் அவர் மீண்டபோது, ஆர்க்காட்டு வெற்றியாற் கிளைவின் புகழ் ஓங்கியிருந்தது. அது வெறும் அதிர்ஷ்டமென்று புறங்கூறினாரை லாரன்ஸ் மறுத்தார். திருச்சிராப்பள்ளிப் போரில், மூத்த அதிகாரிகள் இருக்கவும், படையிற் பாதியை அவ்விளைஞரிடம் ஒப்படைத்துக் கொள்ளிடத்தின் வடகரைக்கு அனுப்பினார். ஸ்ரீரங்கத்திலிருந்த பிரெஞ்சுச் சேனை ஜூன் மாதத்திற் சரணடைந்தது. ஆகஸ்டில், கடலூருக்கு அண்மையிலுள்ள பாகூரிலும் லாரன்ஸ் வென்றார். பின்னர்க் கும்பினி இயக்குநர் கிளைவுக்கு வாள் பரிசளித்தபோது, தம் ஆசானுக்கும் அத்தகைய சிறப்புச் செய்தாலன்றி ஏலேன் என்றார் அவர்.

மற்றொரு மாணவர் நம்மவர்: முகம்மது யூசுப்கான். திருச்சிராப்பள்ளியில் அவர் ஆற்றலைக் கண்ட லாரன்சின் பரிந்துரையால், 1754-இல் கும்பினிச் சிப்பாய்கள் அனைவர்க்கும் அவர் தலைவரானார். 1758 டிசம்பர் முதல் 1759 பிப்ரவரி வரை லாலி சென்னையை முற்றுகையிட்டபோது, கோட்டைக்குள் லாரன்ஸ் காத்தார். வெளியே யூசுப்கான் பகைவரின் உணவு வழிகளை அலைக்கழித்தார்.

நண்பரின் ஆட்சேபம் இவ்விடத்தில் வலிவு பெறுகிறது. மதுரையை ஆண்ட யூசுப்கான் 1763-இல் நவாபுக்கும் கும்பினியாருக்கும் எதிராக எழுந்தார். 1764 அக்டோபரில் தம்மவராலேயே காட்டிக்கொடுக்கப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார். மதுரையை முற்றுகையிட்டது கும்பினிச் சேனை. அதன் தலைமைத் தளகர்த்தராகச் சென்னையில் வீற்றிருந்தவர் லாரன்ஸ். தாம் உயர்த்திய வீரரைத் தம் சேனையே கொன்றது. இக்கறையை மறைத்து அவரைப் போற்ற எனக்கு மனமில்லை; இக்கறை கண்டு அவரை மறக்கவும் இயலவில்லை.

1766-இல் அவர் பதவி விட்டுச் சீமை சென்றார். கிளைவைப்போற் பெருஞ்செல்வம் ஈட்டாத அவருக்குக் கிளைவே ஆண்டுக்கு 500 பவுன் உபகாரச் சம்பளம் ஏற்படுத்தியிருந்தார். 1775 ஜனவரியில் லண்டனிற் காலமானார். வெஸ்ட்மினிஸ்டர் ஆலயத்திற் கும்பினியார் எடுத்த நினைவுச் சின்னத்தில், திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையின் உருவம் செதுக்கப்பட்டிருக்கிறது.