பிறர் வழிபாட்டுக்காக வாதாடிய பிராங்க் ஸ்கொட்

எமது மொன்றியாலில் வாழ்ந்து 1985இல் மறைந்த பிராங்க் ஸ்கொட், 1899இல் கியூபெக் நகரில் ஓர் அங்கிலிக்கன் குருவின் மகனாகப் பிறந்தார். கவிஞரான அவர் மக்கில் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்தார்.

1940களில் இங்கு யெகோவாவின் சாட்சிகள் துண்டுப்பிரசுரம் விநியோகித்ததற்காகக் கைதானார்கள். கிறெசென்ற் வீதி உணவக உரிமையாளர் ரொன்கரெல்லி சுமார் 380 வழக்குகளில் அவர்களுக்குப் பிணை நின்றார். 1946 டிசம்பரில், மாகாண முதல்வர் டுப்ளெஸ்ஸியின் பணிப்பில் அவரது மதுபான அனுமதிப்பத்திரம் பறிக்கப்பட்டது. உணவகம் நொடித்தது. ஸ்கொட் அச்சமயத்தவர் அல்லர். ஆயினும் சட்டத்தரணி ஸ்ரைனுடன் சேர்ந்து வாதாடினார். 1959இல் உச்ச நீதிமன்றம் 33,123 டொலர் 53 சதம் நட்டஈடு விதித்தது.

சமயத்துக்கு எல்லையே இல்லை என்று அத்தீர்ப்புச் சொல்லவில்லை. சட்டத்தை மீறிய ஆட்சியாளர் இல்லை என்றது. 1982ஆம் ஆண்டின் உரிமைச் சாசனமும், சமய சுதந்திரத்துக்கு இடும் எல்லை சட்டத்தில் இருக்கவேண்டும், நியாயமும் காட்டப்படவேண்டும் என்கிறது.

அதிகாரியின் விருப்பமே சட்டமாயிருந்த இடத்திலிருந்து வந்த எமக்கு இது சிறு விடயமல்ல. தேர் வீதிக்கு வர நாம் அனுமதி கேட்கிறோம். மறுத்தால் காரணமும் கேட்கலாம். பிறர் வழிபாட்டுக்கு இடர் வரும்போது நாமும் வாய் திறப்பதே ஸ்கொட்டுக்கு நாம் செலுத்தும் கடன்.