விழக் கற்றுக்கொடுத்த ஆசிரியர்

சிலம்பமோ தேக்குவாண்டோவோ, எந்த வகுப்பானாலும் தொடக்கத்தில் இருக்கும் கூட்டம் சில மாதங்களில் குறைந்துவிடும். எங்கள் பண்டார் தெங்காராவிலும் இதே கதைதான். கலை கடினமாக இருப்பது மட்டும் இதற்குக் காரணமல்ல. கற்றுத்தரும் முறையும் ஒரு காரணம். இதை 140 ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்தவர் ஜூடோவின் தந்தை ஜிகோரோ கானோ.

1860-இல் ஜப்பானின் மிக்காகே ஊரில் பிறந்த கானோ, தாயை இழந்த பின் தோக்கியோவுக்கு வந்தார். படிப்பில் கெட்டிக்காரர், ஆனால் உடல் மெலிந்தவர். பலசாலி மாணவர்களின் வம்புக்கு அடிக்கடி ஆளானார். பலம் குறைந்தவரும் வெல்ல உதவும் ஜுஜுட்சு கலையைக் கற்க விரும்பினார். மேற்கத்திய நாகரிகம் பரவிய அக்காலத்தில் அக்கலை மதிப்பிழந்து கிடந்ததால், குருவைத் தேடுவதே பெரும்பாடாகிவிட்டது.

1877-இல் ஃபுக்குடா ஹாச்சினோசுக்கே என்பவரிடம் சேர்ந்தார். ஒருமுறை, ஒரு வீச்சை எப்படிச் செய்வது என்று கேட்டார். கையையும் காலையும் எங்கே வைப்பது என்று விளக்காமல், குரு அவரைத் திரும்பத் திரும்பத் தூக்கி எறிந்தார். பலமுறை விழுந்தால் தானாகப் புரியும் என்பதே அன்றைய பாடமுறை. உடலெல்லாம் காயத்துக்கு மருந்து பூசிக்கொண்டு கானோ பயிற்சியைத் தொடர்ந்தார். அந்தக் கேள்வியையும் அவர் விடவில்லை.

1882-இல், தமது 21ஆம் வயதில், தோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் 12 பாய்கள் விரித்த இடத்தில் 9 மாணவர்களுடன் கோடோகான் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். இங்கே முதல் பாடம், அடிபடாமல் கீழே விழுவது. விழும் பயம் போனால்தான் மனம் கற்பதில் நிற்கும். ஒவ்வொரு வீச்சையும் எதிராளியின் சமநிலையைக் குலைப்பது, தன் உடலைச் சரியான நிலைக்குக் கொண்டுவருவது, எறிவது என மூன்று கட்டங்களாகப் பிரித்தார். வரிசை அசைவுகளும் இணையுடன் செய்யும் சுதந்திரப் பயிற்சியும் மட்டும் போதாதென்று, விரிவுரையையும் கேள்வி பதிலையும் பாடமுறையில் சேர்த்தார். மாணவர் தம் வளர்ச்சியைத் தாமே அறியத் தரநிலைகள் வகுத்து, 1883-இல் இருவருக்கு முதல் ‘டான்’ வழங்கினார். இன்று கராத்தேயிலும் தேக்குவாண்டோவிலும் உள்ள டான் தரநிலைகளுக்கு இதுவே வேர்.

கானோ தொழிலாலும் ஆசிரியர். தோக்கியோவின் உயர்நிலை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு 20 ஆண்டுகளுக்கு மேல் தலைமை வகித்தார். இணைந்து பயிற்சி செய்பவர் எதிரியல்ல, இருவரும் சேர்ந்தே உயர வேண்டும் என்பது அவருடைய கொள்கை. 1909-இல் அனைத்துலக ஒலிம்பிக் மன்றத்தின் முதல் ஆசிய உறுப்பினரானார். 1938-இல், கெய்ரோ கூட்டம் முடிந்து ஊர் திரும்பும் வழியில் கப்பலிலேயே உயிர்நீத்தார். ஜூடோ 1964-இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் இடம்பெற்றதைக் காண அவர் இல்லை.

நம்மில் பலர் நாளை இளையவர்களுக்குக் கற்றுத்தரும் இடத்துக்கு வருவோம். சிலம்பத்தில் காலடி தவறும் சிறுவனைத் திடலைச் சுற்றி ஓடவிடுவது எளிது. உடல் எடை எந்தக் காலில் நிற்கிறது என்று அவனுக்குக் காட்டுவதற்குப் பொறுமை வேண்டும். அடுத்த வாரமும் அவன் வகுப்புக்கு வருவானா என்பது அந்தப் பொறுமையைப் பொறுத்தது.