டெலிபோன் தந்த வாத்தியார்

டெலிபோனைக் கண்டுபிடித்தவர் யார்? அலெக்சாண்டர் கிரகாம் பெல் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். ஆனால் அவருடைய தொழில் வேறு. காது கேளாதவர்களுக்குப் பேசக் கற்றுக்கொடுத்த வாத்தியார் அவர்!

பெல் 1847-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி, ஸ்காட்லாந்தில் எடின்பரோ நகரில் பிறந்தார். தந்தை பேச்சுப் பயிற்சி ஆசிரியர். தாயாருக்குக் காது மந்தம். மற்றவர்கள் குழாய் வைத்து அவர் காதில் பேசுவார்கள். பெல் மட்டும் தாயின் நெற்றி அருகே குனிந்து, தாழ்ந்த குரலில் பேசுவார். தாயாருக்குப் புரிந்துவிடும்!

காச நோய் பெல்லின் இரு சகோதரர்களையும் கொண்டுபோயிற்று. 1870-ல் மிஞ்சிய ஒரே மகனுடன் பெற்றோர் கனடாவுக்குக் கப்பல் ஏறினர்.

ஆசிரியருக்கு ஆசிரியர்

1871-ல் பெல் அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்குப் போனார். காது கேளாதோர் பள்ளியில், ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்தார்.

ஒருவர் எத்தனை பிள்ளைகளுக்குக் கற்றுத்தர முடியும்? பத்து ஆசிரியர்களைத் தயார் செய்தால் நூறு பிள்ளைகள் பயன் அடைவார்களே! 1872-ல் ஆசிரியர்களுக்காகத் தாமே ஒரு பயிற்சிப் பள்ளியைத் திறந்தார்.

அவரிடம் படித்தவர்களில் ஒருவர் மேபெல். ஐந்து வயதில் காய்ச்சலால் காது கேட்காமல் போனவர். 1877-ல் பெல் அவரையே மணந்தார்.

1876-ல் டெலிபோன் பிறந்தது. பணம் குவிந்தது. ஆனாலும் பெல் பழைய வேலையை விடவில்லை. 1879-ல், காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கக் கருவி செய்தார். 1886-ல் கண்ணும் காதும் இழந்த சிறுமி ஹெலன் கெல்லரை அவரிடம் அழைத்து வந்தனர். அவர் காட்டிய வழியில்தான், மறு ஆண்டு அந்தச் சிறுமிக்கு ஆனி சல்லிவன் என்ற ஆசிரியை கிடைத்தார்.

ஒரு குறை

பெல்லிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. எல்லோரும் வாயால்தான் பேசவேண்டும் என்றார். பள்ளிகளில் சைகை மொழி கூடாது என்றார். காது கேளாதவர்கள் ஆசிரியர் ஆவதையும் எதிர்த்தார். கைகளால் பேசி வளர்ந்த பலர் இதனால் மனம் நொந்தனர். சைகையும் முழுமையான மொழியே என்பதை உலகம் பிற்காலத்தில் உணர்ந்தது.

1922-ம் ஆண்டு ஆகஸ்டு 2-ந் தேதி பெல் காலமானார். அடக்கத்தின்போது அமெரிக்காவிலும் கனடாவிலும் டெலிபோன்கள் ஒரு நிமிடம் மௌனமாயின.

இன்று காது பரிசோதனைக்குப் போனால், கேட்கும் அளவை டெசிபல் கணக்கில் சொல்வார்கள். அதன் கடைசியில் உள்ள 'பல்', இந்த வாத்தியாரின் பெயர்தான்!