பொட்டலத்துக்குள் ஒரு வாழ்க்கை

தேநீரைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். நாள் ஒன்றுக்கு ஐந்து கோப்பை பருகுகிறேன்; அது போதாதா?

சென்ற விடுமுறையில் தொழிற்பயிற்சிக்காகச் சாகணில் தங்கியிருந்தேன். புனேயிலிருந்து நாசிக் செல்லும் சாலையில் உள்ள ஊர். வெங்காயச் சந்தைக்கும் பழைய கோட்டைக்கும் பெயர் பெற்ற அவ்வூரைச் சுற்றி இன்று மோட்டார்த் தொழிற்சாலைகள் நிறைந்துள்ளன. எங்கள் அறையில் நால்வர். மாலை வந்தால் தேயிலைப் போர் மூளும். மதுரை நண்பர் த்ரீ ரோசஸ் என்பார். கோவை நண்பர் சக்ரா கோல்டு என்பார். மராட்டிய நண்பரோ சொசைட்டியை விட்டுக்கொடுக்கமாட்டார். நான் எங்கள் வீட்டில் வாங்கும் தூளையே ஊரிலிருந்து கொண்டு போயிருந்தேன். ஆனால் அம்மா போடும் தேநீரின் நிறமும் மணமும் அதில் வரவில்லை. மேலே மங்கலாக ஓர் ஏடு படிந்தது. கலப்படச் சரக்கு என்று எங்கள் ஊர்க் கடைக்காரரை மனத்துக்குள் வைதேன்.

அது தவறு என்று எனக்கு உணர்த்தியவர், 1931-ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்ட தாமஸ் லிப்டன்! அந்த நாள்களில்தான் அவர் வரலாற்றைப் படித்தேன்.

அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த பெற்றோருக்கு, 1848-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தவர் அவர். சிறுவயதிலேயே அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். புகையிலைத் தோட்டத்திலும் நெல்வயலிலும் உழைத்தார். நியூயார்க் கடையொன்றில் வாணிகம் கற்றார். ஊர் திரும்பி 1871-இல் சொந்தக் கடை திறந்தார். பெரிய பாலாடைக்கட்டிக்குள் பொற்காசுகளை ஒளித்து விற்றுக் கூட்டம் சேர்த்த விளம்பர வித்தகர்!

அந்நாளில் தேயிலையைப் பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுப்பார்கள். எடையும் குறையும், கலப்படமும் மலிந்திருந்தது. ஜான் ஹார்னிமன் என்பவர் 1826-லேயே முத்திரையிட்ட பொட்டலங்களை விற்கத் தொடங்கியிருந்தார். அம்முறையை ஏழை எளியவர் அடுப்படி வரை கொண்டு சேர்த்தவர் லிப்டன். 1890-இல் இலங்கை சென்று, அப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். இடைத்தரகரை விலக்கியதால் விலை இறங்கியது. கால் பவுண்டு, அரைப் பவுண்டு, ஒரு பவுண்டு என்று சரியான எடையில் பொட்டலங்கள் வந்தன.

அவர் செய்த இன்னொரு செயல்தான் என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது. ஒவ்வோர் ஊரின் தண்ணீருக்கும் ஏற்ற கலவையைத் தேர்ந்து விற்றாராம்! உடனே எழுந்தேன். எங்கள் அறைக்கு வருவது ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீர். அன்று குடிநீர்க் கேன் வாங்கி, அதே தூளைப் போட்டேன். அம்மாவின் தேநீர் வந்தது! கடைக்காரரிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். தேயிலைப் போரும் அன்றோடு பாதி ஓய்ந்தது.

1898-இல் லிப்டன் 'சர்' பட்டம் பெற்றார். அமெரிக்கக் கோப்பைப் படகுப் போட்டியில் ஐந்து முறை தோற்றும் முகம் சுளிக்காமல் நின்றார். மணம் புரியாமல் வாழ்ந்தவர், தம் செல்வத்தில் பெரும்பகுதியைக் கிளாஸ்கோவுக்கே எழுதி வைத்தார்.

கிளாஸ்கோவுக்குக் கொடுத்தார், சரி. தம்பேதன்னையில் கொழுந்து பறித்தவர்கள் யார்? நம் தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் அழைத்துச் சென்ற ஏழைகள். அவர்கள் முதுகில் கூடை ஏறியது. பொட்டலத்திலோ முதலாளியின் பெயர் ஏறியது. 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மலைத் தமிழர் பல இலட்சம் பேரை நாடற்றவர் ஆக்கியது. அந்தக் குறை முழுதும் தீர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

லிப்டனின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. எடையில் ஏமாற்றாத பொட்டலம் எளியவருக்குக் கிடைத்த பெரிய நன்மை. ஆயினும், எந்தத் தேயிலை உயர்ந்தது என்று நீங்கள் அடுத்த முறை வாதிடும்போது, முதலில் தண்ணீரைப் பாருங்கள். பிறகு, கொழுந்து பறித்த கைக்கு என்ன கூலி கிடைத்தது என்றும் கேளுங்கள். அந்தக் கை நம் உறவினர் கையாகவும் இருக்கலாம்.