ஆனந்தர் சிந்திய கண்ணீர்

கோலார் தங்கவயலில், மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீப்ஸிலும், சுரங்கப் பாறை வெடிப்பில் மகனையோ கணவனையோ இழந்த வீடுகள் பல. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அவ்வீடுகளில் இழப்பின் நினைவு இன்றும் உண்டு. பற்றறுக்கச் சொன்ன நெறியில் நின்றுகொண்டு அழுவதா என்று அவர்களைக் கடிவோரும் உளர். அன்னோர்க்கு ஆனந்தரின் வரலாற்றை நினைவூட்ட விரும்புகின்றோம்.

ஆனந்தர் சாக்கியர் குலத்தவர்; பகவான் புத்தருக்குச் சிற்றப்பன் மகன். 25 ஆண்டுகள் அணுக்கத் தொண்டராய் அகலாதிருந்தார். தொண்டை ஏற்குமுன் அவர் கேட்டவையே அவர் உள்ளத்தைக் காட்டும். பகவானுக்கு வரும் நல்லாடையும் நல்லுணவும் தமக்கு வேண்டா என்றார். தாம் இல்லாத வேளையில் உரைத்த அறத்தைத் தமக்கு மீண்டும் உரைத்தருள வேண்டும் என்றார். நாளாகிரி என்னும் மதயானை பாய்ந்து வந்தபோது, விலகுமாறு பகவான் பணித்தும் விலகாமல் முன்னே நின்றார். துறவு வேண்டி மகாபிரஜாபதி கௌதமி கால் வீங்கி வாயிலில் நின்றபோது அவருக்காகப் பரிந்து பேசியவரும் இவரே.

அவ்வன்பில் பற்றும் கலந்திருந்தது. சாரிபுத்தர் மறைந்த செய்தி கேட்டுத் திசை தெரியாது மயங்கினார். குசிநகரத்தில் பகவானின் இறுதி நெருங்கியபோதோ, கதவுநிலையைப் பற்றிக்கொண்டு அழுதார். தாம் இன்னும் கற்கவேண்டியவராயிருக்க, தம்மீது இரக்கமுடைய ஆசான் மறைகின்றாரே என்பது அவர் துயரம். அழுதது ஆசானுக்காகவா, ஆதரவிழக்கும் தமக்காகவா? இரண்டுமே என்று நமக்குத் தோன்றுகிறது. நம் வீடுகளின் அழுகையும் அத்தகையதன்றோ!

பகவான் அவரை அழைப்பித்தார்; சினந்தாரில்லை. அன்புக்குரிய அனைத்தினின்றும் பிரிவு உண்டென்று முன்னரே கூறியதை நினைவுறுத்தினார். பின், உடலாலும் சொல்லாலும் மனத்தாலும் அவர் ஆற்றிய தொண்டைப் பிக்குகள் அறியப் பாராட்டி, விரைவில் விடுதலை எய்துவாய் எனத் தேற்றினார்.

இராசகிருகத்தில் மகாகாசிபர் 500 பிக்குகளைக் கூட்டியபோது, அவருள் ஆனந்தர் ஒருவரே நிறைநிலை எய்தாதவர். முந்திய இரவெல்லாம் முயன்று, விடியுமுன் சோர்ந்து சாய்ந்தார். கால் தரையை விட்டெழுந்து, தலை அணையைத் தொடுவதற்குள் பற்று நீங்கிற்று. சங்கத்தில் அவர்மீது சில குற்றங்கள் சாட்டப்பட்டன. பகவானின் திருமேனியைப் பெண்டிர் முதலில் வணங்க இடந்தந்தார், அவர்கள் கண்ணீர் மேனியில் பட்டது என்பது அவற்றுள் ஒன்று. பெண்டிர் பொழுது சாய்ந்தும் காத்திருத்தல் ஆகாதென்றே அவ்வாறு செய்ததாகவும், அதனைத் தாம் குற்றமெனக் காணாவிடினும் சங்கத்தின்பால் வைத்த நம்பிக்கையால் ஏற்பதாகவும் அவர் விடையிறுத்தார். அதே சங்கத்தின்முன், தாம் கேட்ட அறவுரைகளை ஓதினார். சூத்திர பிடகம் நமக்குக் கிடைத்தது அவ்வாறே.